சண்டிகரில் ஒரு பெயரும் பல கைகளும்

தமிழ்நாட்டில் சிலை இல்லாத முச்சந்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சண்டிகரில் நிலைமை நேரெதிர். அந்த நகரத்தை வடிவமைத்த லெ கொர்பூசியே, நகரவாசிகளுக்காக எழுதிவைத்த பிரகடனத்தில், பூங்காக்களிலோ வீதிகளிலோ தனிமனிதர் எவருக்கும் சிலை எழுப்பக்கூடாது என்றொரு விதியைச் சேர்த்தார். ஒருவரை நினைவுகூர வேண்டுமென்றால் தகுந்த இடத்தில் ஒரு வெண்கலத் தகடு பதித்தால் போதும் என்பது அவர் முடிவு. அப்படிச் சொன்னவருக்கு நகரம் செய்த மரியாதை அருங்காட்சியகங்களாக அமைந்தது.

செக்டர் 19ல் அவர் பெயரைத் தாங்கிய லெ கொர்பூசியே மையம் இருக்கிறது. செக்டர் 10ல் அவரே வரைந்த அரசு அருங்காட்சியகமும் கலைக்கூடமும் உள்ளன. அதே வளாகத்தில், நகரம் உருவான கதையைச் சொல்லும் கட்டடக்கலை அருங்காட்சியகம். செக்டர் 5ல், அவருக்கு உறவுமுறையில் தம்பியான பியேர் ழான்னரே பதினோரு ஆண்டுகள் வாழ்ந்த வீடு. திங்கட்கிழமையைத் தவிர்த்துப் போனால், அவசரப்படாத ஒருவர் நான்கையும் இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

மேதை ஒருவரின் கோயில்கள் என்று நினைத்துக்கொண்டு இவற்றுக்குள் போகிறவர்கள் பாதியைத்தான் பார்ப்பார்கள். கண்ணாடிப் பேழைகளில் இருக்கும் கடிதங்களையும் வரைபடங்களையும் புகைப்படங்களையும் நின்று பார்த்தால், ஒற்றைப் பெயருக்குப் பின்னாலிருந்து ஒரு கூட்டமே எழுந்து வருகிறது. ஊரை இழந்தவர்கள், ஊரைக் கொடுத்தவர்கள், இந்திய இளம் கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், தலையில் கலவைச் சட்டி சுமந்த சித்தாள்கள். சண்டிகரின் அருங்காட்சியகங்களுக்குப் போகவேண்டியதன் முதற்காரணம் இந்தக் கூட்டம்தான்.

கதை லாகூரில் தொடங்குகிறது. 1947 ஆகஸ்டில் பஞ்சாப் இரண்டாகக் கிழிந்தபோது, தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. கிழக்குப் பஞ்சாபின் அரசாங்கத்துக்கு உட்கார இடமில்லை. சிம்லாவில் தற்காலிகமாக ஒதுங்கியது. அகதிகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இருக்கிற ஊர்களில் ஒன்றைத் தலைநகராக்கலாம் என்ற யோசனைகளைத் தள்ளிவிட்டு, 1948ல் சிவாலிக் மலையடிவாரத்தில், மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் இரண்டு ஆறுகளுக்கு நடுவிலிருந்த வயல்வெளியைத் தேர்ந்தெடுத்தார்கள். அருகிலிருந்த சண்டி தேவி கோயிலே ஊருக்குப் பெயரானது. தேர்ந்தெடுத்த நிலத்தில் மாந்தோப்புகளும் கிணறுகளும் கிராமங்களும் இருந்தன. ஊரிழந்து வந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட தலைநகரம் வேறு பலரை ஊரிழக்க வைத்தது. புரைல், அட்டாவா போன்ற சில பழைய கிராமங்கள் மட்டும், தெருக்களின் வளைவு நெளிவு மாறாமல், நேர்கோட்டுச் செக்டர்களுக்குள் இன்றும் இருக்கின்றன.

முதலில் அழைக்கப்பட்டவர் லெ கொர்பூசியே அல்ல. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர்தான் முதல் திட்டத்தைத் தயாரித்தார். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் போலந்தில் பயின்ற இளம் கட்டடக் கலைஞர் மாத்யூ நோவிட்ஸ்கி. வரைகோலில் அபாரமான கை அவருக்கு. இந்தியாவில் சில மாதங்கள் தங்கி, கடைத்தெருவையும் முற்றம் வைத்த வீடுகளையும் கவனித்து, அந்தப் பழக்கங்களுக்கு இடம்கொடுக்கும் குடியிருப்புகளை வரைந்தார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, ஊர் திரும்பும் வழியில், எகிப்தில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். வயது நாற்பது. அவர் இருந்திருந்தால் சண்டிகர் வேறு முகத்தோடு இருந்திருக்கும். அந்த முகத்தின் சாயலைக் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் முதல் திட்டத்தின் வரைபடங்களில் இன்றும் பார்க்கலாம். கொர்பூசியேயை மட்டும் தேடி வருகிறவர்கள் இந்தச் சுவரை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கடக்கக்கூடாது.

நோவிட்ஸ்கியின் இடத்தை நிரப்ப ஆள் தேடி, நிர்வாகியான பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பா சென்றார்கள். லண்டனில் மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியைப் பார்த்தார்கள். பாரிஸில், பழைய துறவிமடம் ஒன்றின் நீண்ட நடையில் இயங்கிவந்த அலுவலகத்தில் லெ கொர்பூசியேயைச் சந்தித்தார்கள். இந்தியாவுக்கே வந்து தங்கவேண்டும் என்று கேட்டதற்கு அவர் இணங்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, முறைக்கு ஒரு மாதம் வருவதாக உடன்பாடு ஏற்பட்டது. அன்றாட வேலையைத் தளத்திலேயே இருந்து பார்க்க ஃப்ரை, ட்ரூ, ழான்னரே மூவரும் அமர்த்தப்பட்டார்கள்.

1951 பிப்ரவரியில் சிம்லா சாலையோரத்து விடுதி ஒன்றில் லெ கொர்பூசியேயும் ஃப்ரையும் ழான்னரேயும் கூடி, சில நாட்களிலேயே மேயரின் திட்டத்தை மாற்றி வரைந்தார்கள். மேயரின் வளைந்த சாலைகள் நிமிர்ந்தன. அவர் வகுத்த பெரிய குடியிருப்புத் தொகுதிகள் 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் அளவுள்ள செக்டர்களாயின. எண்ணிக்கையில் 13 விடுபட்டது. 2020ல் மணிமாஜ்ராவுக்கு அந்த எண் தரப்படும் வரை சண்டிகரில் செக்டர் 13 என்ற பகுதி கிடையாது. அடிப்படையில் மேயரின் எலும்புக்கூடு மிஞ்சியது என்பதை இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள். 1953 அக்டோபர் 7 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் நகரத்தைத் தொடங்கிவைத்தார்.

செக்டர் 19ல் இருக்கும் மையம் அந்த நாட்களின் அலுவலகம். நகரத்தில் எழுந்த ஆரம்பகாலக் கட்டடங்களில் ஒன்று. தாழ்வான, ஆடம்பரமில்லாத வேலைக்கூடம். 2008ல் இது லெ கொர்பூசியே மையமாகத் திறக்கப்பட்டது. நேருவுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து, நகரப் பிரகடனம், மரச்சாமான்கள், நகர வரைபடத்தையே புடைப்பாக வார்த்த இரும்புச் சாக்கடை மூடி என்று இங்கே இருப்பவை அனைத்தும் வேலையின் தடயங்கள். அந்த மூடியின் முன் நின்றுவிடுகிறவர்கள் பலர். மனிதர்கள் மிதித்துப்போகும் ஓர் இரும்புத் தட்டிலும் நகரத்தின் முழு உருவம் இருக்கவேண்டும் என்று யோசித்த அலுவலகம் இது என்பது அந்த ஒரு பொருளிலேயே புரிந்துவிடும்.

இந்தக் கூடத்தில் உட்கார்ந்து வரைந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய இளைஞர்கள். மன்மோகன் நாத் சர்மா, ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா, பி.பி. மாத்தூர், ஊர்மிளா யூலி சௌத்ரி எனப் பட்டியல் நீள்கிறது. பிற்காலத்தில் ராஜாஜியின் சுதந்திரா கட்சியில் சேர்ந்து நாடாளுமன்றத்தைக் கலகலக்க வைத்த பீலு மோதியும் தொடக்க காலத்தில் இந்தக் குழுவில் இருந்தவர்தான். யூலி சௌத்ரிக்குப் பிரெஞ்சு தெரியும். கொர்பூசியேயின் பேச்சை மற்றவர்களுக்கும், மற்றவர்களின் கேள்விகளை அவருக்கும் கொண்டுசேர்த்தது அவர்தான். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த தொழிலில் பின்னாளில் தலைமைக் கட்டடக் கலைஞர் பதவி வரை சென்றார். 1965ல் ழான்னரே விட்டுச்சென்ற இடத்துக்கு வந்த முதல் இந்தியர் மன்மோகன் நாத் சர்மா. தாகூர் அரங்கத்தை வடிவமைத்தவர் ஆதித்ய பிரகாஷ்.

செக்டர் 10 அருங்காட்சியகத்துக்குத் தனியாக அரை நாள் ஒதுக்கவேண்டும்.

கட்டடத்தின் பின்னணி 1939ல் இருக்கிறது. முடிவில்லாமல் வளரும் அருங்காட்சியகம் என்ற கனவை லெ கொர்பூசியே அப்போது வரைந்துவைத்தார். நத்தை ஓடு சுற்றிச் சுற்றிப் பெருப்பதுபோல், சதுரச் சுருளாக வெளிப்பக்கம் நீண்டுகொண்டே போகும் கட்டடம். தரைத்தளம் தூண்கள் மேல் திறந்திருக்கும். பார்வையாளர் அடியில் நுழைந்து நடுமையத்துக்கு வந்து, அங்கிருந்து மேலேறி, சுருளின் வழியே வெளிநோக்கி நடப்பார். பொருட்கள் பெருகப் பெருகக் கட்டடமும் இன்னொரு சுற்று வளரும். இந்தக் கருத்தின்படி அவர் கட்டியவை மூன்று: அகமதாபாத்தின் சன்ஸ்கார் கேந்திரா, 1959ல் திறந்த டோக்கியோவின் மேலைக்கலை தேசிய அருங்காட்சியகம், சண்டிகர். மூன்றில் எதுவும் சுருளாக வளரவில்லை. கட்டி முடித்த சதுரத்தோடு நின்றுவிட்டன.

சண்டிகர்க் கட்டடம் 1968 மே 6 அன்று திறந்தபோது அதை வரைந்தவர் உயிரோடு இல்லை. 1965 ஆகஸ்ட் 27 அன்று பிரான்ஸின் தென்கரையில் கடலில் நீந்தும்போது லெ கொர்பூசியே இறந்திருந்தார். வேலையை முடித்துவைத்தவர்கள் மன்மோகன் நாத் சர்மாவும் ஷிவ் தத் சர்மாவும் அடங்கிய உள்ளூர்க் குழுவினர். வெளிச்சுவரில் சிவந்த செங்கல். உள்ளே பூசாத கான்கிரீட். நுழைந்ததும் உயர்ந்த கூடமும் அதிலிருந்து மேல்தளத்துக்கு ஏறும் சாய்தளமும். படிக்கட்டில் ஏறுகிறவர் காலடியைப் பார்த்தாக வேண்டும். சாய்தளத்தில் ஏறுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. சுற்றிலும் பார்த்துக்கொண்டே ஏறலாம், கூடத்தின் சுவர்களும் தூண்களும் ஒவ்வோர் அடிக்கும் இடம் மாறுவதுபோல் தெரியும். மேல்தளத்துக்கு வெளிச்சம் கூரையிலிருந்து இறங்குகிறது. நவீனக் கட்டடங்களைப் பராமரிக்க உதவும் கெட்டி அறக்கட்டளை, 2017ல் இந்தக் கட்டடத்துக்கான பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க நிதி வழங்கியது.

ஆனால் கட்டடத்தைவிடப் பொருட்களின் பயணம் நீளமானது. லாகூரின் மத்திய அருங்காட்சியகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை லாக்வுட் கிப்ளிங் அதன் காப்பாளராக இருந்தவர். பெஷாவர் பக்கத்துக் காந்தாரச் சிற்பங்களும் மலைநாட்டு ஓவியங்களும் அங்கே குவிந்திருந்தன. நாடு பிரிந்ததும் நிலம், ரயில் பெட்டி, அலுவலக நாற்காலி, நூலகப் புத்தகம் எல்லாவற்றோடும் அருங்காட்சியகமும் பாகப்பிரிவினைக்கு வந்தது. 1948 ஏப்ரல் 10 அன்று பங்கு பிரித்தார்கள். நூற்றுக்கு அறுபது பாகிஸ்தானிலேயே இருந்தது, நாற்பது இந்தியாவுக்கு. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமான சித்தார்த்தரின் புகழ்பெற்ற சிற்பம் லாகூரிலேயே தங்கிவிட்டது. இந்தியப் பங்கு 1949 ஏப்ரலில் வந்துசேர்ந்தது. வைக்க இடமில்லை. அமிர்தசரஸ், சிம்லா, பாட்டியாலா என்று ஊர் ஊராக மாறி, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகே செக்டர் 10ல் நிரந்தரமாகக் குடியேறியது. புத்தர்களும் போதிசத்துவர்களும் அகதிகளோடு சேர்ந்து அகதிகளாகவே அலைந்தார்கள்.

இன்று அறுநூறுக்கும் மேற்பட்ட காந்தாரச் சிற்பங்கள் இங்கே இருக்கின்றன. சாம்பல்நிறக் கல்லில், கிரேக்க மடிப்புகளோடு துவளும் ஆடையும் அடர்ந்த மீசையுமாக நிற்கும் போதிசத்துவர்களைக் காண்கிறபோது, ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல் உருக்கொண்ட ஊர்கள் இப்போது எல்லைக்கு அப்பால் கிடக்கின்றன என்ற நினைப்பைத் தள்ள முடிவதில்லை. பூசாத கான்கிரீட் சுவருக்கு முன் இந்தக் கற்கள் நன்றாகவே பொருந்துகின்றன. இரண்டும் ஒரே நிறக்குடும்பம்.

ஓவியப் பிரிவில் பிரிவினையின் காயம் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். மலைநாட்டுக் குலேர் ஊரைச் சேர்ந்த ஓவியர் மனாகு, 1730ல் ஜெயதேவரின் கீதகோவிந்தத்துக்கு ஒரு தொடராகச் சிற்றோவியங்கள் தீட்டினார். அவர் தம்பி நைன்சுக் அவரைவிடப் புகழ்பெற்றவர். தொடரின் ஏடுகள் லாகூரில் இருந்தன. பாகப்பிரிவினையில் அவையும் பிரிந்தன. ராதையும் கண்ணனும் ஒரே தொடரின் வெவ்வேறு ஏடுகளில் இன்று இரண்டு நாடுகளில் இருக்கிறார்கள். இந்த ஓவியக் குடும்பத்தின் வரலாற்றைத் துலக்கியவர் சண்டிகரில் வாழ்ந்த கலை வரலாற்றாசிரியர் பி.என். கோஸ்வாமி. சர்கோதாவில் பிறந்து பிரிவினையில் இந்தப்பக்கம் வந்தவர், ஐ.ஏ.எஸ். பதவியை உதறிவிட்டு ஆய்வுக்கு வந்தவர். ஹரித்வார்ப் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்த வம்சாவளிக் கணக்கேடுகளில் தேடி, ஓவியர்களின் குடும்ப உறவுகளை நிறுவினார். அரசர்களின் பெயரால் மட்டும் அறியப்பட்ட ஓவியங்களுக்கு அதன் மூலம் தீட்டியவர்களின் பெயர் கிடைத்தது.

இந்தக் கலைச்செல்வத்தைப் பெருக்கியவர் எம்.எஸ். ரந்தாவா. தாவரவியல் படித்த ஐ.சி.எஸ். அதிகாரி. பிரிவினைக்குப் பின் அகதிகளின் மறுவாழ்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். சண்டிகரின் சாலைகளில் எந்த மரம் எங்கே நிற்கவேண்டும் என்று வகுத்தார். அருங்காட்சியகம் திறந்தபோது நகரத்தின் தலைமை ஆணையராக இருந்தார். காங்கடா பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய், பழைய அரச குடும்பங்களிடம் ஓவியங்களைத் தேடி வாங்கிச் சேர்த்தார். சண்டிகரின் கொன்றையும் நீலவாகையும் பூக்கும் மாதங்களில் நகரத்தைப் புகழ்கிறவர்கள் கொர்பூசியேக்குச் சேர்க்கும் பாராட்டில் ஒரு பங்கு நியாயமாக இவருக்குப் போகவேண்டும்.

டோக்கியோவை இங்கே மறுபடி நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்குள்ள அருங்காட்சியகமும் அலைந்து திரிந்த ஒரு தொகுப்புக்காகவே கட்டப்பட்டது. கப்பல் கட்டும் தொழிலதிபர் மட்சுகாட்டா பாரிஸில் வாங்கி வைத்திருந்த ஓவியங்களையும் சிற்பங்களையும், இரண்டாம் உலகப்போரில் பகைநாட்டுச் சொத்து என்று பிரெஞ்சு அரசு எடுத்துக்கொண்டது. தகுந்த அருங்காட்சியகம் கட்டுவதானால் தருகிறோம் என்ற ஏற்பாட்டின்படி அவற்றில் பெரும்பகுதி ஜப்பானுக்குத் திரும்பியது. அந்தக் கட்டடத்தையும் லெ கொர்பூசியே வரைந்தார். போர் சிதறடித்த ஒரு தொகுப்புக்கும் பிரிவினை சிதறடித்த ஒரு தொகுப்புக்கும் ஒரே மனிதரின் ஒரே வரைபடக் கருத்து வீடாயிற்று. 2016ல் ஏழு நாடுகளில் உள்ள அவருடைய 17 படைப்புகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது டோக்கியோ அருங்காட்சியகம் அதில் இடம்பெற்றது. சண்டிகரிலிருந்து சேர்ந்தது உயர் நீதிமன்றமும் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அமைந்த தலைமை வளாகம். செக்டர் 10 அருங்காட்சியகம் பட்டியலில் இல்லை. அந்தத் தகுதி அதற்குக் குறையவில்லை.

அதே வளாகத்தில் சில அடிகள் நடந்தால் கட்டடக்கலை அருங்காட்சியகம். 1997ல் திறந்தது. லெ கொர்பூசியே வரைந்துவைத்திருந்த கண்காட்சிக் கூடத்தின் கருத்தை எடுத்துக்கொண்டு ஷிவ் தத் சர்மா இதை வடிவமைத்தார். சூரிச்சில் ஹைடி வெபர் என்ற கலைக்கூட உரிமையாளருக்காக லெ கொர்பூசியே வரைந்து, அவர் இறந்தபின் 1967ல் திறந்த கூடத்துக்கு இது நெருங்கிய உறவு. சூரிச்சில் எஃகும் வண்ணப் பலகைகளும், சண்டிகரில் கான்கிரீட். குடைபோல் தனியே நிற்கும் கூரையும் அதன் கீழ் ஒதுங்கிய அறைகளும் இரண்டிலும் பொது. சாதகமான தட்பவெப்பத்தில் பிறந்த ஒரு வடிவம் பஞ்சாபின் வெயிலுக்கும் மழைக்கும் வரும்போது எடைகூடிவிடுகிறது என்பதை இரண்டின் படங்களையும் ஒப்பிட்டாலே உணரலாம்.

உள்ளே போனால் மேயரின் திட்டம் முதல் இன்றைய நகரம் வரை வரிசையாக விரிகிறது. கட்டப்படாமல் போன ஆளுநர் மாளிகையின் கதையும் உண்டு. மக்களாட்சியில் சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் மேலே ஆளுநருக்கு மாளிகை எதற்கு என்ற எண்ணம் நேருவுக்கு இருந்தது. திறந்த கை நினைவுச்சின்னமும் பல ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது. கொடுப்பதற்கும் பெறுவதற்கும் திறந்திருக்கும் கை என்று விளக்கி, கொர்பூசியே நேருவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பணமில்லை. இருவரும் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1985ல்தான் 26 மீட்டர் உயரத்தில் அது எழுந்தது. காற்று திரும்பும் திசைக்கெல்லாம் கை திரும்புகிறது.

அரசு ஊழியர் குடியிருப்புகளுக்காக வரைந்த வீட்டு வகைகள் இன்னொரு பகுதி. மேல்மட்ட அதிகாரி முதல் பியூன் வரை, பதவிக்கேற்பப் பதின்மூன்று வகை. பதவிப்படி வீடு என்ற ஏணியை இந்த நகரமும் ஏற்றுக்கொண்டது உண்மை. ஆயினும் கடைசிப் படியில் இருந்தவருக்கும் இரண்டு அறை, சமையலறை, முற்றம், குழாய்த் தண்ணீர் என்று ஜேன் ட்ரூ வாதாடிப் பெற்றுத் தந்தார். காற்று வர செங்கல் ஜாலி, வெயில் தடுக்க ஆழமான சன்னல். கொர்பூசியே தன் முழுக் கவனத்தையும் தலைமை வளாகத்தில் செலுத்தினார். மக்கள் குடியிருந்த சண்டிகரைக் கட்டியவர்கள் ட்ரூ, ஃப்ரை, ழான்னரே மற்றும் அவர்களுடைய இந்தியச் சகாக்கள். செக்டர் 22ன் தெருக்களில் நடந்தால் இது விளங்கும்.

புகைப்படங்களில் சித்தாள்கள் தெரிகிறார்கள். லூசியன் எர்வே 1955ல் வந்து எடுத்த படங்களிலும் ஜீத் மல்ஹோத்ராவின் படங்களிலும் அவர்கள் இருக்கிறார்கள். மரச்சாரத்தில் ஏறும் பெண்களின் வரிசை. தலையில் கலவைச் சட்டி. பின்னணியில் உயர் நீதிமன்றத்தின் பெருந்தூண்கள். கிரேன்கள் அரிதாக இருந்த நாட்டில் அந்தக் கான்கிரீட்டின் பெரும்பகுதி மனிதத் தலைகளின் மேல்தான் உயரம் ஏறியது. சென்ட்ரிங் பலகையின் ரேகைகள் அப்படியே பதிந்த சுவர்களைக் கட்டடக் கலைஞர்கள் இன்று வியந்து தொட்டுப் பார்க்கிறார்கள். பலகை அடித்தவர்களின் பெயர்கள் எந்தத் தகட்டிலும் இல்லை. நகரத் திட்டத்தில் அவர்கள் குடியிருக்கவும் இடம் வகுக்கப்படவில்லை. குடிசைகள் தற்காலிகம் என்றே கருதப்பட்டன.

அவர்களுக்கு நெருக்கமான ஓர் அருங்காட்சியகம் தலைமை வளாகத்தின் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் திட்டமிடாமல் வந்தது. பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், இப்போது பாகிஸ்தானில் உள்ள கிராமத்திலிருந்து 1947ல் வந்தவர். இடிக்கப்பட்ட கிராமங்களின் ஓடுகள், உடைந்த வளையல்கள், பீங்கான் துண்டுகள், கைவிட்ட மின்சாதனங்கள் ஆகியவற்றைச் சைக்கிளில் சேகரித்து, காட்டுப்பகுதி ஒன்றில் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்துவந்தார். 1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. இடிக்காமல் விட்டது மட்டுமல்ல, 1976ல் பாறைத் தோட்டம் என்று பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார்கள். அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்தார்கள். திட்டமிட்ட நகரம் விழுங்கிய ஊர்களின் சட்டிபானைகள் அங்கே மனித உருவெடுத்து நிற்கின்றன.

செக்டர் 5, வீட்டு எண் 57. பியேர் ழான்னரே 1954 முதல் 1965 வரை வாழ்ந்த இந்த வீடு 2017ல் அருங்காட்சியகமானது. கொர்பூசியேயின் நிழலில் மறைந்த மனிதர்களில் முதன்மையானவர் இவர். 1920களிலிருந்து இருவரும் பாரிஸில் சேர்ந்து தொழில் செய்தார்கள். 1940ல், போர்க்கால அரசியலில் எதிரெதிர்ப் பக்கம் நின்று, பிரிந்தார்கள். சண்டிகர்தான் அவர்களை மறுபடி சேர்த்தது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த ழான்னரே பதினான்கு ஆண்டுகள் தங்கினார். பள்ளிகள், வீடுகள், கடைகள், பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் காந்தி பவன் என்று நகரத்தின் அன்றாட முகம் பெரும்பாலும் இவர் கைவண்ணம். வீட்டின் செங்கற்சுவரும் அளவான அறைகளும் மூங்கிலும் கயிறும் பிரம்பும் வைத்துச் செய்த சாமான்களும், இருப்பதை வைத்து நேர்த்தியாகச் செய்யும் ஒரு மனதைக் காட்டுகின்றன. உடல்நலம் கெட்டு 1965ல் ஜெனீவா திரும்பி, 1967ல் இறந்தார். அவர் விருப்பப்படி அஸ்தி சண்டிகருக்குக் கொண்டுவரப்பட்டுச் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. நான்கு அருங்காட்சியகங்களில் ஒன்றுக்கு மட்டுமே நேரமிருப்பவர்கள் செக்டர் 10க்குப் போகட்டும். இரண்டுக்கு நேரமிருந்தால் இரண்டாவது இந்த வீடு.

இங்கே பார்க்கவேண்டியவை நாற்காலிகள். புது அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஆயிரக்கணக்கில் சாமான்கள் தேவைப்பட்டபோது, ழான்னரேயும் யூலி சௌத்ரி முதலான சகாக்களும் உள்ளூர்த் தச்சர்கள் செய்யக்கூடிய மாதிரிகளை வரைந்தார்கள். கவிழ்த்த வி எழுத்துப்போல் சாய்ந்த தேக்குக் கால்கள், பிரம்புப் பின்னல். காலப்போக்கில் பின்னல் அறுந்தது, கால் ஆடியது. அலுவலகங்கள் அவற்றை மொட்டைமாடியில் குவித்து, பழைய சாமான் ஏலத்தில் கழித்துவிட்டன. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் புதுப்பித்துப் பாரிஸிலும் நியூயார்க்கிலும் பல ஆயிரம் டாலருக்கு விற்கத் தொடங்கியபின்தான் நகரம் விழித்தது. பாரம்பரியச் சாமான்களை விற்கக்கூடாது என்று உள்துறை அமைச்சகம் 2011ல் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் வெளிநாட்டு ஏலங்களில் சண்டிகர் நாற்காலிகள் தலைகாட்டுவது நிற்கவில்லை. நாற்காலியின் பின்புறத்தில் கணக்குக்காக அலுவலகத்துப் பெயரும் எண்ணும் பெயின்ட்டால் எழுதியிருப்பார்கள். வாங்குகிறவர்களுக்கு அந்த எழுத்தே அசல் என்பதற்கான சான்று.

ஏலப் பட்டியல்களில் பெரும்பாலும் ழான்னரேயின் பெயர் மட்டும் அச்சாகிறது. சண்டிகரின் அருங்காட்சியகங்கள் தங்கள் விளக்க அட்டைகளில் அதைத் திருத்த முடியும். யூலி சௌத்ரி கைவைத்த மாதிரிகளில் அவர் பெயரும் சேரவேண்டும். சாமான்களைச் செய்து கொடுத்த பட்டறைகளின் ரசீதுகளும் பதிவேடுகளும் பொதுப்பணித்துறைக் கோப்புகளில் எஞ்சியிருந்தால், அவற்றைத் தூசிதட்டி எடுத்துத் தச்சர்களுக்கும் ஒரு வரி எழுதலாம்.